அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போன தாத்தாவின் குடும்பத்தை எப்படித் தேடுவது?

தேடலை அயர்லாந்தில் தொடங்காதீர்கள், அமெரிக்காவிலேயே தொடங்குங்கள். நாட்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு), பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), முடிந்தால் சிற்றூர் வரை தெரிய வேண்டும். தாத்தாவின் குடியுரிமை விண்ணப்பம், கப்பல் பயணிகள் பட்டியல், திருமணப் பதிவு இவற்றில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர் தெரிந்ததும் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 1911 படிவம் பெரிய பொக்கிஷம். மணமான பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் உயிரோடு, ஆனால் வீட்டில் மூவர்தான் என்றால், வெளியே போனவர்களில் உங்கள் தாத்தாவும் ஒருவராக இருக்கலாம். வயதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1909இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அதைப் பெறுவதற்காக, 1901க்கும் 1911க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் பதினைந்து வயது கூடிய முதியவர்கள் உண்டு.

முந்தைய கணக்கெடுப்புகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. சில 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயின, மற்றவற்றை அரசே அழித்துவிட்டது. அப்புறம் கைகொடுப்பவை 1864இல் தொடங்கும் பிறப்பு, இறப்புப் பதிவுகளும் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும்தான். ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்; பல நேரம் அவர்கள் நெருங்கிய உறவினர்களே.