பரணில் கிடைத்த ரிவால்வர்: விலை கேட்பதற்கு முன்

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. பரணிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது தோல் உறையில் ஒரு பழைய ரிவால்வரும் பதினொரு தோட்டாக்களும் இருந்தன. தாத்தா கீழ்ப்பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய துரை கொடுத்தது என்று அத்தை சொல்கிறார். உடலில் ‘வெப்ளி பேடன்ட், 1917’ என்றும், மேல்பட்டையில் ‘மார்க்’ என்பதற்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் ஆறு என்றும் இருக்கிறது. ஒரு அம்புக்குறியும் உண்டு. தாத்தா பெயரில் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறது. கடைசி முத்திரை 1971. நூறு வயது தாண்டிய பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம், வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகும் என்கிறார் நண்பர். இதன் மதிப்பு என்ன? விற்கலாமா?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று. அதை இனி கையில் எடுக்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று மடக்கிப் பார்க்கவும் வேண்டாம். பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். யாருக்காவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தால் அத்தோடு நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது பர்மிங்காமில் வெப்ளி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்த மார்க் 6 ஆகத்தான் இருக்க வேண்டும். முதல் உலகப்போரின்போது, 1915-ல், பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி. குழல் ஆறு அங்குலம் இருக்கும். கைப்பிடியின் அடி சதுரமாக முடியும். இதற்கு முந்தைய மாதிரிகளில் அது கிளிமூக்கு போல வளைந்திருக்கும். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை.

உங்கள் வழக்கின் தலையெழுத்தே இங்கேதான் இருக்கிறது. மார்க் 6 சுடுவது பாயின்ட் 455 தோட்டா. இந்த எண் அங்குலக் கணக்கில் சொல்லும் குழல் அளவு. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், பாயின்ட் 380, பாயின்ட் 455 விளிம்புத் தோட்டாக்களை (அடியில் விளிம்பு உள்ளவை)ச் சுடக்கூடிய ரிவால்வர்கள் முதல் வகையில், அதாவது ‘தடை செய்யப்பட்ட போர்’ (bore, குழல் அளவு) என்று கடைக்காரர்கள் சொல்லும் வகையில் வருகின்றன. இதே வெப்ளி செய்த சின்ன பாயின்ட் 32 ஆக இருந்தால் உரிமம் கலெக்டர் மட்டத்தில் முடியும். 455-க்கு மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். ஆகவே இதன் குழல் அளவு எது என்பதை அதிகாரபூர்வமாக உறுதிசெய்யும் வரை யார் சொல்லும் விலையையும் நம்பாதீர்கள்.

நண்பர் சொன்ன நூறு வருடக் கணக்கு ஆபத்தானது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவைத்தான் அவர் அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். வழக்கொழிந்த மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது என்று அது சொல்வதெல்லாம், பழுதுபார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு. உங்களுடையது எண்ணெய் போட்டால் சுடும் நிலையில் இருக்கலாம். வயது மட்டும் காப்பாற்றாது.

உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. உரிமமின்றி விற்றால் ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை. பரணில் இருந்ததே தெரியாத வரை உங்கள் மேல் குற்றமில்லை. அறிந்து வைத்திருப்பதுதான் ‘வைத்திருத்தல்’ என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பெட்டியைத் திறந்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

செய்ய வேண்டியது ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி காவல் நிலையத்தில் ஒப்படைப்பது. நீங்களே பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகாதீர்கள். காவல் ஆய்வாளரைச் சந்தித்து, எப்போது, எந்தப் பெட்டியில், யார் முன்னிலையில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் இரண்டின் நகலையும் இணையுங்கள். மூலப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது உங்களிடமே இருக்கட்டும். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீதும் (மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது), பொருளுக்குத் தயாரிப்பு, எண், தோட்டா எண்ணிக்கை குறித்த ஒப்புகையும் வாங்குங்கள். மனுவின் நகல் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும்.

ஸ்டேஷன் என்றாலே பயம் இருக்கும், புரிகிறது. உரிமமின்றி வைத்திருந்ததாக வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. தானாக வந்து எழுதிக் கொடுத்தவரின் கடிதம் அங்கே பெரிதாகப் பேசும். பயந்து இரண்டு வருடம் மறைத்து வைத்த ஒருவருக்காக நான் வாதாடியிருக்கிறேன். பங்காளிச் சண்டையில் சொந்தக்காரரே போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அப்போது அவர் கையில் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

ஒப்படைத்ததால் பொருள் போய்விடாது. விதியில் குறித்த காலத்துக்குள் உரிமம் பெற்றால் திரும்ப வாங்கலாம்; உரிமமுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெறலாம். அந்தக் காலம் தவறினால்தான் அரசுக்குப் போகும். நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மையும் வேண்டும். அத்தையும் தாத்தாவின் வாரிசுதான், மறந்துவிடாதீர்கள்.

இனி விலை. வெளிநாட்டு ஏலத் தொகை உங்களுக்குப் பொருந்தாது. நூறு ஆண்டு கடந்த, வரலாற்று ஆர்வமுள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. உள்நாட்டில், 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் பழைய பிரிட்டிஷ் பாயின்ட் 32-க்கு நல்ல கிராக்கி உண்டு. 455-ஐ வாங்க உரிமமுள்ளவர்கள் மிகச் சிலரே. அதனால் விலையும் படுத்துவிடும். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் எழுத்துமூலம் மதிப்பீடு கேளுங்கள். உடலிலும் சிலிண்டரிலும் எண் ஒன்றாக இருக்கிறதா, துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குக் கொடுத்த பழைய நீலப்பூச்சு மிஞ்சியிருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்ப்பார். தோல் உறையும் 1971 முத்திரையுள்ள லைசென்ஸ் புத்தகமும் கூடுதல் மதிப்பு.

துருவைப் பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். விலை பாதியாவது ஒருபுறம். எண்ணும் முத்திரையும் அழிந்தால் ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவில் அது தனிக் குற்றம்.

இந்த வாரமே ஆய்வாளரைப் பாருங்கள். ஒப்புகை கிடைத்ததும் அதன் நகலையும் லைசென்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். உள்துறைக்கான விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.