மாமா சொல்லும் மசோதாவை நம்பி வீட்டை அடமானம் வைக்கலாமா?

உங்கள் கடிதம் படித்தேன்: மகன் மெக்கானிக்கல் கடைசி வருடம். "டேட்டா சயன்ஸில் எம்.எஸ். சேர்த்துவிடுங்கள், கிரீன் கார்டு சட்டம் எப்படியும் மாறிவிடும்" என்கிறார் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கும் மாமா. 50 லட்சம் கடனுக்கு வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது. உங்கள் பதற்றம் நியாயம்தான் சார். ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.

அந்தச் சட்டம் ரொம்ப வருடமாகவே மாறப்போகிறது. 2013-ல் குடியேற்றச் சீர்திருத்த மசோதா அமெரிக்க மேலவையான செனட்டில் 68-32 என்று தேறியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதைத் தொடவே இல்லை. ஒரு நாட்டுக்கு இத்தனை கிரீன் கார்டுதான் என்ற வரம்பை நீக்கும் மசோதா 2019-ல் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று தேறியது. 2020 டிசம்பரில் செனட் அதை வேறு வடிவில் நிறைவேற்ற, இரண்டும் ஒத்துப்போகாமல் காலாவதியானது. அதே நோக்கத்தோடு 2022-ல் வந்த ஈகிள் மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்: இந்த 1990 கணக்குதான் இன்றும். கிரீன் கார்டு வரிசையில் தாம் எங்கே நிற்கிறார் என்று மாமாவையே கேளுங்கள்.

அப்புறம், பையன். லீவு விட்டால் சித்தப்பாவின் லேத் பட்டறையில் கிடப்பதாக நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அவனை எதற்கு டேட்டா சயன்ஸில் தள்ளுகிறீர்கள்?

ஜெர்மனியின் 'ஆஸ்பில்டுங்', அதாவது நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே தொழில் படிக்கும் பயிற்சி பற்றி உறவில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவியலும் சேர்ந்த தொழில்) என்றால் மூன்றரை ஆண்டு. வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் மெஷினோடு, மற்ற நாள் தொழிற்பள்ளியில். இறுதித் தேர்வை நடத்துவது தொழில் வர்த்தக சபை. பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. நிறுவனமே மாதாமாதம் ஊக்கத்தொகை தரும். பெரும்பாலும் 1,000 யூரோவை ஒட்டி இருக்கும், பிடித்தம் போகக் கொஞ்சம் குறையும். பெரிய நகரமென்றால் வாடகையே பாதியைத் தின்றுவிடும், சின்ன ஊராகப் பாருங்கள். முடித்து, படித்த தொழிலிலேயே இரண்டு ஆண்டு வேலை பார்த்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆள் பற்றாக்குறையால் 2023-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது. அங்கேயும் சண்டை உண்டு: மூன்றே ஆண்டில் குடியுரிமை என்ற 2024 சலுகையை 2025-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே சட்டம் புரண்டாலும் உங்கள் வீடு ஏலத்துக்குப் போகாது. பையன் கையில் தொழில் இருக்கும்.

"பி.இ. முடித்துவிட்டு அப்ரண்டிஸா?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களா இ.எம்.ஐ. கட்டப்போகிறார்கள்?

கஷ்டம் ஒன்றுதான்: மொழி. பி1 நிலை ஜெர்மன், அதாவது அன்றாட விஷயங்களைத் தானாகப் பேசிச் சமாளிக்கும் அளவு, இல்லாமல் பெரும்பாலும் எதுவும் நகராது. ஒழுங்காகப் படித்தால் ஒரு வருடம் ஆகும். ஆரம்ப நிலையான ஏ1 வகுப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அந்தக் கட்டத்திலேயே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், நஷ்டம் சில ஆயிரம்தான். பயிற்சி ஒப்பந்தம் நிறுவனத்திடமிருந்து நேராக வரவேண்டும். அதற்கென்று லட்சங்கள் கேட்கும் ஏஜென்ட் முன்னால் உட்காராதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.