மழை கழியட்டும், அட்வான்ஸ் கொடுக்கலாம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வேலை சோழிங்கநல்லூரில், மனைவிக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில். எங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு வீடுகள் அமைந்திருக்கின்றன. ஒன்று பெரும்பாக்கத்தில் புது அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. இன்னொன்று குரோம்பேட்டையில் பழைய ஃப்ளாட், தரைத்தளம். இரண்டுக்கும் பத்திரம், வில்லங்கம் பார்த்து வக்கீல் சரி என்றுவிட்டார். பெரும்பாக்கத்துக்கு மெட்ரோ வருகிறது, விலை ஏறும் என்கிறார் புரோக்கர். அம்மாவுக்குக் குரோம்பேட்டைதான் பிடித்திருக்கிறது. எந்த ஏரியாவில் வாங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

இடம் யாருக்குச் சொந்தம் என்று வக்கீல் பார்த்துவிட்டார். அடைமழையில் அங்கே வந்து நிற்பது யார் என்று அவர் பார்க்கமாட்டார். தென்சென்னையில் வீடு வாங்குகிறவர் முதலில் விசாரிக்கவேண்டியது தண்ணீரைத்தான்.

பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய ஊர். சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரவேண்டும். 2015 மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் பட்ட பாடு ஊரறிந்தது. மூன்றாவது மாடி நனையாது, வாஸ்தவம். ஆனால் சம்ப், ஜெனரேட்டர், லிஃப்ட் குழி, உங்கள் வண்டி எல்லாம் கீழேதானே இருக்கின்றன?

இரண்டு இடங்களின் சர்வே எண்ணையும் வாங்கி, அரசு இணையதளத்தில் 'அ' பதிவேடு, அதாவது நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு, கிடைக்கிறதா பாருங்கள். நஞ்சை என்றிருந்தால் பெரும்பாலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாயும் தாழ்வு. அதற்காக ஓடிவந்துவிட வேண்டாம். புறநகரில் நஞ்சையே கூடாது என்றால் வீடு அமையாது. ஏரி எந்தப் பக்கம், ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் தண்ணீர் எந்தத் தெருவில் ஓடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குப் போன தெருக்கள் அங்கே உண்டு. கேட்டைத் திறந்ததும் படி இறங்குகிறதா என்று பாருங்கள். ஈபி மீட்டரைக் கழற்றித் தலை உயரத்துக்கு மாற்றியிருந்தால், பழைய இடத்தில் ஸ்க்ரூ அடித்த ஓட்டைகள் சுவரில் தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியே இருந்தால் விஷயம் புரிந்துவிடும். புரோக்கரை விட்டுவிட்டுத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது, முழங்காலா இடுப்பா என்று கையை வைத்தே காட்டுவார்.

கோடையையும் மறக்கவேண்டாம். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஏப்ரல், மே மாத லாரித் தண்ணீர் பில்லை அசோசியேஷனில் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

மெட்ரோ விஷயத்தில் புரோக்கர் சொன்னது பொய்யில்லை. மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் அந்த வழியாகத்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆனால் வரப்போகிற ரயிலுக்கு இன்றைக்கே உங்களிடம் டிக்கெட் வசூலிக்கிறார்.

என்னைக் கேட்டால் குரோம்பேட்டை. ஆனால் அந்தத் தரைத்தளம் வேண்டாம். அதே பக்கத்தில் மேட்டுத் தெருவாகப் பார்த்து முதல் மாடி தேடுங்கள். மனைவிக்கு மின்சார ரயில் இருக்கிறது. அலைச்சல் உங்களுக்குத்தான், காலை ஒன்பது மணிக்குப் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அம்மாவுக்கு அந்த இடம் ஏன் பிடித்தது என்று நீங்கள் எழுதவில்லை. கோயிலும் காய்கறிக் கடையும் நடக்கிற தூரத்தில் என்றால் அது சின்னக் காரணம் இல்லை. நாள் முழுக்க அங்கே இருக்கப்போவது அவர்தான்.

அட்வான்ஸுக்கு யாராவது அவசரப்படுத்தினால், கார்த்திகை கழியட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.