அரசு கையை இறுக்கினால் வேலை பெருகுமா?

கேள்வி: வரவுக்கு மேல் செலவு செய்யும் வீடு நிலைக்காது என்பது நம் செட்டிநாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட கணக்கு. அரசும் அவ்வாறே செலவைக் குறைத்துக்கொண்டால் கடன் குறையும், வட்டி இறங்கும், தொழில் முதலீடு வரும், வேலை பெருகும் அல்லவா? தாங்கள் ஏன் செலவுக் குறைப்பைத் தொடர்ந்து எதிர்த்து எழுதுகிறீர்கள்? (தேவகோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: சிக்கனத்தை நான் எதிர்க்கவில்லை. மந்தக் காலத்தில் போடப்படும் வெட்டைத்தான் எதிர்க்கிறேன். கடையில் சரக்கு தேங்கி, ஆலையில் இயந்திரங்கள் பாதி நேரம் நின்று, படித்த பிள்ளைகள் வேலை தேடி அலையும்போது அரசும் தன் செலவைச் சுருக்கினால் வேலை குறையுமே தவிரப் பெருகாது. நீங்கள் சொல்லும் வீட்டுக் கணக்கு வீட்டளவில் முற்றிலும் சரி. உங்கள் வீட்டார் இந்த ஆண்டு துணி வாங்காமல் இருந்தால் குறைவது துணிக்கடைக்காரரின் வருமானம், உங்களுடையது அன்று. ஆனால் நாடு என்று வரும்போது அந்தத் துணிக்கடைக்காரரும் அதே கணக்குக்குள் இருக்கிறார். அரசு நிறுத்திவைக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஓர் ஆசிரியருக்கோ, நெசவாளருக்கோ, சாலை போடும் ஒப்பந்தக்காரருக்கோ வரவாக வந்திருக்க வேண்டியது. அவர் கை சுருங்க, அவரிடம் விற்பவரின் வரவு சுருங்க, கடைசியில் அரசுக்கு வர வேண்டிய வரியும் சுருங்கிவிடும்.

இது நம் செட்டியார்கள் பர்மாவில் பட்டறிந்த உண்மை. கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த நம் வட்டிக்கடைகள் நிலத்தை ஈடாகப் பிடித்தனவே ஒழிய, நிலக்கிழார் ஆக வேண்டும் என்று அங்கே போகவில்லை. 1930-இல் உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, பழைய நிலுவையை வசூலி, புதுக்கடன் கொடாதே என்று ஒவ்வொரு கடையும் முடிவெடுத்தது. தனித்தனியே பார்த்தால் அதில் குறை காண முடியாது. ஆனால் எல்லாக் கடைகளும் ஒரே பருவத்தில் அதையே செய்தபோது, கடன்பட்டவர் கையிலும் பணம் இல்லை, அவருடைய நிலத்தை நல்ல விலைக்கு வாங்குவாரும் இல்லை. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடாக இருந்து 1938-இல் 25 விழுக்காடாயிற்று. ஐந்தொகையில், அதாவது சொத்து-கடன் கணக்கில், சொத்து ஏறியது, ரொக்கம் ஏறவில்லை. பின்னர் போரும், பர்மிய விடுதலையைத் தொடர்ந்த நில நாட்டுடைமையும் அந்தச் சொத்தையும் கொண்டுபோயின. அந்தப் பெருமந்தக் காலத்தில் பர்மாவையும் சேர்த்து ஆண்ட பிரிட்டிஷ் இந்திய அரசு என்ன செய்தது? 1931-இல் ஊழியர் சம்பளத்தில் பத்து விழுக்காட்டை வெட்டி, ஆட்குறைப்பிலும் இறங்கியது. எல்லோரும் கையை மூடிய நேரத்தில் திறந்திருக்கக்கூடிய ஒரே கையும் மூடிக்கொண்டது.

அண்மைக் காலத்தில் கிரீஸ் இதே பாதையில் நடத்தப்பட்டது. 2010 முதல் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி ஓய்வூதியம், சம்பளம், மருத்துவமனைச் செலவு எல்லாம் வெட்டப்பட்டன. பொருளாதாரம் ஏறத்தாழக் கால் பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையில் இருந்தோரையும் வேலை தேடியோரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. கடனைக் குறைக்கவே வெட்டினார்கள். தேசிய வருமானத்தோடு ஒப்பிட்ட கடனோ, வருமானம் கடனைவிட வேகமாகக் கரைந்ததால், முன்பைவிட உயர்ந்தது. இந்த நிபந்தனைகளில் பங்கு கொண்ட பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்சார், டேனியல் லீ என்பவருடன் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், செலவு வெட்டு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கணிப்பாளர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தனர் என்று எழுதினார். அதற்குள் ஒரு தலைமுறை இளைஞர்கள் நாட்டைவிட்டுப் போயிருந்தனர்.

வட்டி இறங்கினால் முதலீடு வரும் என்கிறீர்கள். கனடாவில் அது ஓரளவு நடந்தது என்பதை மறைக்க மாட்டேன்: 1995 முதல் கடுமையாக வெட்டினார்கள், 1997-98-இல் பற்றாக்குறை நீங்கியது, வளர்ச்சியும் நிற்கவில்லை. ஆனால் அப்போது பக்கத்து வீடான அமெரிக்கா செழித்துக் கனடாவின் சரக்கை வாங்கியது. கனடிய டாலரின் மதிப்பும் தாழ்ந்திருந்தது. வட்டியும் இறங்க இடமிருந்தது. வெளியே வாங்குவார் இருந்தால்தான் அந்த வழி பலிக்கும். நம் ரிசர்வ் வங்கி 2020 மே முதல் 2022 மே வரை ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 4 விழுக்காட்டிலேயே வைத்திருந்தது. அவ்வளவு மலிந்த வட்டிக்காக எத்தனை பேர் புதிய ஆலை கட்டினார்கள்? சரக்கு விற்காது என்று தெரிந்தவர் எந்த வட்டிக்கும் கடன் வாங்க மாட்டார். லேவாதேவி செய்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அரசு எல்லையின்றிக் கடன் வாங்கலாமா? கூடாது. 2019-இன் இறுதியில் வரிகளை ஒரேயடியாகக் குறைத்துவிட்டுப் பணம் அச்சிட்டுச் செலவு செய்த இலங்கை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றது; அவ்வாண்டு செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 விழுக்காட்டை எட்டியது. கொழும்புச் செட்டியார் தெருவில் உறவுள்ளவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பது தெரியும். நம் ஒன்றிய அரசின் மொத்தச் செலவிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது. ஆகவே தொழில் நன்றாக நடக்கும் ஆண்டுகளில் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. அந்த ஆண்டுகளில் வசதி படைத்தவர்களிடம் வரியை உரியபடி வாங்குவதும் பற்றாக்குறையைக் குறைக்கும் வழிதான். செலவுக் குறைப்பை மட்டுமே பேசுவோர் அதைச் சொல்வதில்லை.

இன்னொன்று எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வெட்டு என்று வரும்போது வட்டியை வெட்ட முடியாது, ஓய்வூதியத்தை வெட்டுவது கடினம். எனவே யாரும் கூச்சலிடாத இடத்தில் கத்தி விழுகிறது, அதாவது காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடுகிறார்கள். 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசில் அனுமதிக்கப்பட்ட 40 லட்சத்துச் சொச்சம் இடங்களில் 9.79 லட்சம் காலியாக இருந்ததாக நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. வேலையின்மைக்கு மருந்து செலவுக் குறைப்பு என்போர் இந்த எண்ணை ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும்.

காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எப்படி வந்தது? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் நிலையம் திறக்கப்பட்டது. பிரிவினையின் சுமையும் உணவுப் பஞ்சமும் நெருக்கிய ஆண்டுகள் அவை. அன்றைய அரசு, காசில்லை, பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் அழகப்பரின் கொடை மட்டும் அந்த நிலையத்தை இத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்காது. தனியார் பணத்தை அரசுச் செலவு விரட்டிவிடும் என்பவர்களுக்கு, இரண்டும் கைகோத்து நின்ற இடத்தை நம் ஊரிலேயே காட்டலாம்.

எனவே அடுத்த மந்தம் வரும்போது சிவகங்கை மாவட்டத்தில் எதை நிறுத்தலாம் என்று அரசு கேட்டால், விளம்பரத்தையும் விழாவையும் நிறுத்தட்டும்; கண்மாய் மராமத்தை நிறுத்த வேண்டாம். மானாவாரி மாவட்டத்தில் கோடையில் கண்மாயைத் தூர்வாரவும் வரத்துக்கால்களைச் செப்பனிடவும் கொடுக்கும் கூலி அந்த வாரமே உள்ளூர்க் கடைக்குப் போகும், ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீர் அடுத்த போகத்துக்கு நெல்லாகும்.