தேய்த்த மரத்தரைக்குப் பாலியூரிதேன் பூசுவது எப்படி?

தேக்குத் தரையை 120 எண் உப்புத்தாள் வரை தேய்த்தாயிற்று, உடனே பாலியூரிதேன் (மரத்தைக் காக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள். முதலில் வேக்குவம் கிளீனரால் தூசியை எடுத்துவிட்டு, அப்புறம் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசை மேலே நின்றால் பூச்சு சரியாகப் பிடிக்காது, சில இடங்களில் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் எழும் குமிழி தரையில் அப்படியே காய்ந்து நிற்கும். உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்லிசாக இழுங்கள். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு எவ்வளவோ மேல். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு 220 எண் தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைத் தூளைத் துடைத்துவிட்டு அடுத்தது.

ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. எண்ணெய் வகைப் பூச்சு என்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.