மூளைச்சாவு, உறுப்புதானம், மத நம்பிக்கை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஐசியுவில் செவிலியராக இருந்து, பிறகு உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதுதான் அந்த வேலை. சாமி, சாஸ்திரம், மார்க்கம் சம்பந்தப்பட்ட சந்தேகங்களையும் தயங்காமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஆனால் நான் பார்த்தவரை, மதத்தைக் காட்டி மறுத்த குடும்பங்களைவிட, "ஆஸ்பத்திரியில் சொல்வது நிஜம்தானா" என்ற பயத்தில் மறுத்த குடும்பங்கள்தான் அதிகம். அதனால் அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, என் மச்சானுக்கு பைக் விபத்து. மூளைச்சாவு என்றார்கள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது, கை சூடாக இருந்தது, மானிட்டரில் துடிப்பு ஓடியது. உயிரோடு இருப்பவரை அறுக்கச் சொல்கிறார்கள் என்று நாங்கள் மறுத்துவிட்டோம். நாங்கள் செய்தது பாவமா?

பாவமே இல்லை, தம்பி. கண்ணெதிரே நெஞ்சு ஏறி இறங்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உங்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியது மருத்துவர்களின் கடமை.

நெஞ்சை ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர். இதயத்துக்குத் துடிக்கும் விசை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளையின் உத்தரவு இல்லாமலும் கொஞ்ச காலம் துடிக்கும். கோமா வேறு, இது வேறு. கோமாவில் மூளைத்தண்டு (மூச்சு போன்றவற்றை நடத்தும் மூளையின் அடிப்பகுதி) வேலை செய்கிறது, அதனால்தான் சிலர் மீண்டு வருகிறார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டும் நின்றுவிடுகிறது.

அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சொல்கிறேன். முதலில், மயக்க மருந்தோ உடல் குளிர்ந்துபோனதோ இந்த நிலைக்குக் காரணமில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு கண்ணில் டார்ச் அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். கருவிழியில் பஞ்சு நுனியால் தொடுவார்கள், இமைக்கிறதா? காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள், கண் அசைகிறதா? தொண்டைக்குள் குழாய் விடுவார்கள், இருமல் வருகிறதா? கடைசியாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, சட்டையை விலக்கி, நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தபடி நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அதன் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியும் ஒரு மூச்சுகூடத் தானாக வரவில்லை என்றால்தான் அந்தச் சோதனை முடியும். இது அத்தனையையும் குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். 4 மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர்கூட உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் இருக்கக் கூடாது. 1994ஆம் வருஷ உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில சமயம் மூளைச்சாவு உறுதியான பிறகும் விரலோ காலோ அசையும். அது முதுகுத்தண்டின் அனிச்சைச் செயல். யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் குடும்பத்தார் அதைப் பார்த்துவிட்டால், அதற்குமேல் எந்த மருத்துவரின் பேச்சும் எடுபடாது.

பாட்டி சொல்கிறார்: "கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாய்." சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதா?

நான் எங்கேயும் பார்த்ததில்லை. பழைய துணியைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல் ஆத்மா உடலை விட்டுப் போகிறது என்பது கீதை. அடுத்த பிறவிக்குக் கூட வருவது வினைதான் என்பதே பொது நம்பிக்கை. உடல் வராது, தகனம் செய்தால் கண்ணும் சேர்ந்தே எரிகிறது. ததீசி முனிவர் தன் எலும்பை வஜ்ராயுதத்துக்குக் கொடுத்த கதையும், காளத்தியில் கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய கதையும் பாட்டிக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லி ஒரு குடும்பத்தை மடக்குவது எனக்குப் பிடிக்காது. கண்ணப்பர் செய்தது பக்தி. அதைக் காட்டி, துக்கத்தில் இருப்பவரிடம் "நீயும் கொடு" என்பது நெருக்குதல். பாட்டியிடம் வாதாடாதீர்கள், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது சடங்கைப் பற்றிய பயமாக இருக்கும். உடலைச் சிதைத்துத் தருவார்கள், குளிப்பாட்ட முடியாது, முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைப்பார். அப்படி இல்லை. மற்ற ஆபரேஷனில் தைப்பதுபோல ஒழுங்காகத் தைத்து, துடைத்துத்தான் தருவார்கள். எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, எல்லாச் சடங்கும் செய்யலாம்.

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர் ஹஜ்ரத் கூடாது என்கிறார், சவூதியில் இருக்கும் என் தம்பி கூடும் என்கிறான். எது சரி?

வ அலைக்கும் ஸலாம், பாய். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. கருத்து எங்கே பிரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஆழமாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி, மூளையின் செயல் மீளாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதிசெய்தால் அதுவும் மரணம்தான் என்றது. 1988இல் ஜித்தாவில், இறந்தவரின் முன் அனுமதியோ வாரிசுகளின் அனுமதியோ இருந்தால் உறுப்பைக் கொடுக்கலாம் என்றது. ஆனால் 1987இல் மக்காவின் ஃபிக்ஹ் கவுன்சில் வேறு மாதிரி சொன்னது: மூளை நின்றுவிட்டால் கருவியை எடுத்துவிடலாம், ஆனால் மூச்சும் இதயமும் நின்ற பிறகுதான் மரணத்தின் சட்டங்கள் பொருந்தும். இந்திய, பாகிஸ்தான் தேவ்பந்த் மதரஸா மரபு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர், உடல் அல்லாஹ்வின் அமானத், அதாவது நம்மிடம் ஒப்படைத்த பொருள், அதைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை என்கிறார்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற ஹதீஸ் (நபிமொழி) அவர்களுக்கு ஆதாரம். அனுமதிப்பவர்கள் "ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போல" என்ற குர்ஆன் 5:32 வசனத்தையும் ளரூரத் என்ற நிர்ப்பந்த விதியையும் காட்டுகிறார்கள்.

உங்கள் ஹஜ்ரத்திடம் இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். மூளைச்சாவு மரணமா? மரணத்துக்குப் பின் கொடுக்கலாமா? ஒன்றுக்கு ஆம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் அவர் சொல்லக்கூடும். அப்புறம், அடக்கம் தாமதமாகுமே என்ற கவலை நியாயமானது. விபத்து வழக்கென்றால் போஸ்ட்மார்ட்டம் எப்படியும் உண்டு. தகுந்த வசதி இருந்தால் இரவிலும் அதைச் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. உறுப்புதான வழக்குகளுக்கு அதில் முன்னுரிமை. கேட்டுப் பெறுங்கள்.

உடலோடு உயிர்த்தெழுவோம் என்பது எங்கள் விசுவாசம். உறுப்பில்லாமல் எப்படி?

தீயில் எரிந்துபோன மறைசாட்சிகளும் உயிர்த்தெழுவார்கள் என்றுதானே திருச்சபை நம்புகிறது! திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆகஸ்டில் ரோமில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டிலேயே பேசி, மூளைச்சாவு அளவுகோலையும் ஏற்றார், தானத்தையும் பாராட்டினார். ஆனால் விற்பதை அவர் கண்டித்தார்.

மேடம், நேரடியாகவே கேட்கிறேன். ஏழை கொடுக்கிறான், பணக்காரன் வாங்கிக்கொள்கிறான். இதற்குப் புண்ணியம் என்று பெயர் வைக்கலாமா?

வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். நல்ல வார்த்தை சொல்லி மழுப்ப மாட்டேன். சிறுநீரக விற்பனையால் சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்த வரலாறு நம்முடையது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பயன்படுத்தி சிறுநீரகம் வாங்கிய செய்தியும் வந்தது. அது உயிரோடு இருப்பவரிடம் நடக்கும் வியாபாரம், குற்றம். மூளைச்சாவு தானம் வேறு. ஆனால் ஒன்றில் பட்ட அடி மற்றதன்மேல் நம்பிக்கையையும் உடைக்கிறது, அதில் மக்கள்மேல் தப்பே இல்லை.

மூளைச்சாவு தானத்தில் உறுப்பு யாருக்கு என்பதைக் குடும்பமோ மருத்துவரோ தேர்ந்தெடுக்க முடியாது. தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் எனும் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல் முடிவுசெய்கிறது. வெளிநாட்டவர் வரிசையில் கடைசி. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் உறுப்புக்கு அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் மாற்று சிகிச்சைக்கு உண்டு. இருந்தாலும் இதய மாற்று பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான் நடக்கிறது, அந்தச் செலவைத் தாங்குபவர்தான் பட்டியலிலேயே ஏற முடிகிறது. கொடுப்பவர்களில் பலர் அரசு மருத்துவமனைக்கு வந்த கூலித் தொழிலாளர்கள். இது அநியாயம்தான். தானத்தை நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. அரசு மருத்துவமனைகளில் இதயமும் நுரையீரலும் மாற்றும் வசதி பெருக வேண்டும். அதைக் கேட்கும் உரிமை கொடுத்த குடும்பங்களுக்குத்தான் முதலில் உண்டு.

2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கூரை வீட்டு வாசலுக்கு ஆட்சியர் மாலையோடு வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்று கேட்க ஆள் வேண்டும். உறுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குடும்பத்துக்குத் துணை நிற்பது விலையாகாது.

ஒரு குறிப்பு: தானத்துக்குச் சம்மதித்த பிறகு உடலைப் பராமரிக்கும் செலவைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. பில்லில் அது வந்தால் கேள்வி கேளுங்கள்.

பன்றி இதயம் வைத்தார்களாமே, முஸ்லிம்களும் சைவர்களும் ஏற்கலாமா?

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார்கள். 2 மாதம்போல வாழ்ந்தார். வேறு வழியே இல்லாதபோது உயிர் காக்க ஹராமும் கூடும் என்ற விதியை இதற்கும் பொருத்தும் ஆலிம்கள் உண்டு. சைவர்களே, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து, இதய வால்வுகளில் சில மாட்டிலிருந்து. அதை முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. விலங்கின் பக்கம் நின்று கேட்கவேண்டிய கேள்வியும் இதில் இருக்கிறது, அதை இங்கே அரைகுறையாகத் தொட விரும்பவில்லை.

நான் பதிவு செய்து அட்டை வைத்திருக்கிறேன். அது போதுமா?

போதாது. கடைசியில் கையெழுத்துப் போடுவது உங்கள் வீட்டார்தான். அவர்கள் மறுத்தால் அட்டை இருந்தும் எடுக்க மாட்டார்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். "அவர் என்ன நினைத்திருப்பார்" என்று தெரியாமல்தான் பல குடும்பங்கள் தவிக்கின்றன.

அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை, புரை ஆபரேஷனும் ஆகிவிட்டது. கண்தானம் செய்ய ஆசைப்படுகிறார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

செய்யலாம், தங்கச்சி. எடுப்பது கருவிழிப்படலம், புரை ஆபரேஷன் அதற்குத் தடையில்லை, சர்க்கரையும் பொதுவாகத் தடையில்லை. உங்கள் நாடு இதில் உலகுக்கே முன்னோடி: ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கம் தொடங்கி, 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார். கண்ணை ஈந்த போதிசத்துவர் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்தர்கள் அதை மனதார ஏற்றார்கள்.

இதற்கு மூளைச்சாவு தேவையில்லை, வீட்டில் இறந்தாலும் கொடுக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதனால் கண் வங்கி எண்ணை இப்போதே எழுதி வையுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும்.