மார்பில் இறுக்கம், கழுத்தில் தொளதொளப்பு: குற்றம் சைஸில் இல்லை

கேள்வி: ஜப்பானில் இருக்கும் நாத்தனார் அனுப்பிய தையல் புத்தகத்தைப் பார்த்து, கையில்லாத காட்டன் கவுன் ஒன்று தைத்தேன். அளவுப் பட்டியலில் என் மார்பளவுக்கு நேராக இருந்த சைஸைத்தான் வெட்டினேன். படத்தில் தளர்வாக இருக்கிறது. எனக்கோ மார்பில் பிடிக்கிறது, கழுத்து மட்டும் தோளை விட்டு நழுவுகிறது. புத்தகத்தில் இதைவிடப் பெரிய சைஸ் இல்லை. ‘இந்திய உடம்புக்கு மாற்றிய பேட்டர்ன்’ என்று, துணி வெட்டுவதற்கான காகித அச்சை ஆன்லைனில் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் சைஸ் சரியானதுதான். உடம்பில் இறுக்கமும் கழுத்தில் அகலமும் ஒரே கவுனில் வந்தால், தையலுக்குத் துணி விடாமல் வெட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். நாலு பக்கவாட்டு ஓரத்திலும் 1 செ.மீ. தையலில் போனால் சுற்றளவில் 4 செ.மீ. காணாமல் போகும். கழுத்தில் அதே 1 செ.மீ. உள்ளே மடிந்தால் வட்டம் பெரிதாகும்.

ஜப்பானியப் புத்தகங்களில் பெரும்பாலும் பேட்டர்ன் கோடுதான் தையல் கோடு, வெட்டும் கோடு அல்ல. ஒரே தாளில் பல உடைகளின், பல சைஸ்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்த நெரிசலில் தையல் துணிக்கும் கோடு போட இடமேது? ஜெர்மனியின் பர்டா இதழிலும் இதே வழக்கம்தான். துணி வெட்டும் படத்தைப் பாருங்கள். ஓரத்தில் 3, 4 என்று எண் இருந்தால் அங்கே அத்தனை செ.மீ. விட வேண்டும். எண் இல்லாத இடத்தில் பொதுவாக 1 செ.மீ.

செல்போன் மொழிபெயர்ப்பை நம்பினால் அதோகதி. தையலுக்கு விடும் துணிக்கு அவர்கள் சொல் ‘நுயிஷிரோ’. அதன் கடைசி எழுத்துக்குக் கட்டணம் என்றும் ஒரு பொருள் உண்டு. செல்போன் அதைத் தையல் கூலி என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

ஓர் இடத்தில் மட்டும் துணி விடவே கூடாது. பேட்டர்ன் ஓரத்தில் ‘வா’ (わ) என்று ஒற்றை ஜப்பானிய எழுத்து இருக்கும். அது மடிப்பு ஓரம். துணியை இரண்டாக மடித்து, அந்த மடிப்பின் மேலேயே பேட்டர்னை ஒட்டி வைத்து வெட்ட வேண்டும். அங்கே தையல் கிடையாது. “எல்லாப் பக்கமும் விடச் சொன்னீர்களே” என்று என் மாணவிகள் அங்கேயும் 1 செ.மீ. விடுவார்கள். விரித்தால் முன்பக்கம் 2 செ.மீ. கூடியிருக்கும், கழுத்து மறுபடி தொங்கும். மடிப்பில் விடாதீர்கள். மூன்று முறை சொல்லியும் விடுகிறவர்கள் இருப்பதால் இன்னொரு முறை: மடிப்பில் விடாதீர்கள்.

இனி அந்த விற்பனையாளர். நான் பார்த்த ‘மாற்றிய பேட்டர்ன்’கள் எல்லாமே வெறும் ஜெராக்ஸ்தான், அதுவும் அளவு குறைந்த ஜெராக்ஸ். இயந்திரம் 97 சதவீதமாகச் சுருக்கினால் 100 செ.மீ. சுற்றளவில் 3 செ.மீ. போச்சு. நீங்களே நகல் எடுப்பதானால் தாளின் ஓரத்தில் முதலில் 10 செ.மீ. கோடு போட்டு, நகலில் அதை அளந்து பாருங்கள். அதைவிட பட்டர் பேப்பர் வைத்து உங்கள் சைஸ் கோட்டை மட்டும் வரைந்துகொள்வது மேல். இவர்கள் பிழைப்பு ஓடுவதற்குக் காரணம் நம் பயிற்சி வகுப்புகள்தான். ஆறு மாதம் மார்பளவை நாலால் வகுக்கச் சொல்லி, பிளவுஸ் வெட்ட வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். அச்சிட்ட பேட்டர்ன் ஒன்றைப் பிரித்துக் காட்ட அரை நாள் கிடைப்பதில்லை.

தைத்த கவுனை எறிய வேண்டாம். பக்கவாட்டைப் பிரித்து, இரு புறமும் 4 செ.மீ. அகலப் பட்டி வைத்து இணையுங்கள். 1 செ.மீ. தையல் போக இரண்டு புறமும் சேர்த்து 4 செ.மீ. திரும்பக் கிடைக்கும். கழுத்துக்கு, பின்புறம் நடுவில் சின்னதாக ஒரு மடிப்பு எடுத்தால் போதும். அடுத்ததைக் காடாத் துணியில் வெட்டிப் பாருங்கள், வெட்டுமுன் நனைத்துக் காயவைத்து.